அப்பாவின் ஸ்டென்ட்டும் ஒரு காலைக் கேள்வியும்

வணக்கம். இன்று ஒரு பழைய குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள், ஓரமெல்லாம் மடிந்து போயிருக்கிறது. இது என் அப்பாவுடையது. பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைபட்ட ரத்தக்குழாயில், அதைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதத் தொடங்கியது இது. உள்ளே இருப்பதை உங்களுக்குப் படித்துக் காட்டலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நாங்கள் எல்லோரும் அப்பாவுக்குக் காவல்காரர்களாக மாறிவிட்டோம். உப்பு டப்பாவை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். "நடந்தீர்களா?", "மாத்திரை போட்டீர்களா?", "மறுபடியும் வந்தால் என்ன செய்வது?" என்று ஓயாமல் கேட்டேன். அன்பினால்தான் கேட்டேன். மருத்துவமனைக் கட்டிலில் பார்த்த அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. என் பயத்தையெல்லாம் அவர் தோளில் இறக்கி வைத்தேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் தவறாமல் நடந்தார். நான்காவது வாரம் முழங்கால் வலிக்கிறது என்றார். அடுத்த வாரம் வெயில் அதிகம் என்றார். ஒருநாள் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட நான்கு அதிகமாக இருந்தன. கோபத்தோடு போய் நின்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த அட்டையைத் தொட்டாலே நான் நோயாளி என்கிற நினைப்பு வந்துவிடுகிறதம்மா."

பயம் என்ன செய்கிறது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பயந்தவர் ஆபத்தை மட்டும் விட்டு விலகுவதில்லை. ஆபத்தை நினைவூட்டும் எல்லாவற்றையும் விட்டு விலகுகிறார். மாத்திரை நினைவூட்டுகிறது. நடக்கும்போது வேகமாக அடித்துக்கொள்ளும் நெஞ்சு நினைவூட்டுகிறது. அக்கறையாகக் கேள்வி கேட்கும் மகளும் நினைவூட்டுகிறாள்.

எங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் கதை இல்லை இது. 17 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அதில் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் 7,519 பேர் இருந்தார்கள். புகைப்பதை நிறுத்துவது, நன்றாக உடலை அசைப்பது, சத்தான உணவு என்ற மூன்றையும் கடைப்பிடித்தவர்கள் 100 பேரில் நான்கு பேர்தான். ஏறத்தாழ 18 சதவீதத்தினர் அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தார்கள். மரணத்தை அருகில் பார்த்து வந்தவர்கள் இவர்கள். பயத்தால் மட்டும் பழக்கம் மாறும் என்றால் இந்த எண் இப்படி இருந்திருக்குமா?

சரி, எங்கள் வீட்டில் என்ன மாறியது? இதய மறுவாழ்வுப் பயிற்சியைக் கவனிக்கும் செவிலியர் ஒருநாள் போன் செய்தார். நடந்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. "நேற்றைய நாளில் எது உங்களுக்கு நன்றாக இருந்தது?" என்று கேட்டார். அப்பா ஒன்றுமில்லை என்றார். செவிலியர் விடாமல், "சரி, நாளையிலிருந்து தினமும் காலை ஒரு வரி எழுதி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவ்வளவுதான்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் படிக்கிறேன். முதல் நாள், "ஒன்றுமில்லை." இரண்டாம் நாள், "ஒன்றுமில்லை." மூன்று, நான்கு, அதே. ஐந்தாம் நாள் எழுதியிருக்கிறார்: "மாடிப்படி ஏறினேன். நடுவில் நிற்கவில்லை." என்னிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், யாரைக் கேட்டு ஏறினீர்கள் என்றுதான் நான் கேட்டிருப்பேன்.

செவிலியர் செய்ததற்கு நேர்மறை உளவியல் என்று பெயர். அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் 1998இல் இந்தத் துறைக்கு வழி திறந்தார். மனிதரிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதோடு நிற்காமல், எது நன்றாக இயங்குகிறது என்றும் ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். சிரித்துக்கொண்டே இரு, எல்லாம் சரியாகிவிடும் என்ற உபதேசத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பாதீர்கள். அந்த உபதேசம் நோயாளியைத் தனிமைப்படுத்தும். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறப்பவரை அது மூட வைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்தது, 2012இல் வெளிவந்தது. அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட 242 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். உடற்பயிற்சி பற்றிய கையேடு இரண்டு பிரிவுக்கும் கிடைத்தது. இரண்டு பிரிவும் தங்களுக்கென ஓர் இலக்கை ஒப்புக்கொண்டன. இரண்டு பிரிவுக்கும் அவ்வப்போது போன் போனது. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் மனத்துக்கு இதமான சின்னச் சின்ன விஷயங்களை நினைத்துக்கொள்வது ஒன்று. நடக்கத் தடை வரும்போது, வாழ்க்கையில் தாங்கள் பெருமைப்பட்ட ஒரு தருணத்தை நினைவுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. எதிர்பாராத நேரத்தில் சிறு பரிசும் அனுப்பினார்கள்.

ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, உடலுழைப்பைக் குறிப்பிட்ட அளவுக்கு உயர்த்தியவர்கள் கையேட்டுப் பிரிவில் 37 சதவீதம், கூடுதல் பழக்கம் கற்ற பிரிவில் 55 சதவீதம். பெருமைப்பட்ட தருணம் என்பதை யோசித்துப் பாருங்கள். மழை பெய்கிறது, சோம்பலாக இருக்கிறது, நெஞ்சில் ஏதோ படபடப்பு. அந்த நேரத்தில் ஒருவர் தன்னை நோயாளியாக நினைக்காமல், முன்பு கடினமான ஒன்றைச் செய்து முடித்த மனிதராக நினைத்துக்கொள்கிறார். அப்பா சொன்ன அந்த மாத்திரை அட்டை வாக்கியத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதே முறையை உயர் ரத்த அழுத்தம் உள்ள 256 ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடமும் செய்து பார்த்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுவது கையேட்டுப் பிரிவில் 36 சதவீதம், கூடுதல் பழக்கம் கற்ற பிரிவில் 42 சதவீதம். ஆனால் ரத்த அழுத்தம் குறைந்ததில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையை மந்திரம் போல விற்பவர்கள் இருக்கிறார்கள்.

நன்றியுணர்வுக் குறிப்பேடு, அதாவது நன்றி சொல்லத் தோன்றுவதை எழுதி வைக்கும் குறிப்பேடு பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. இதய நோயாளிக்கு என்றதும் எல்லோரும் அதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு, மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பிரச்சினை வந்த 164 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டு வாரம் கழித்து நம்பிக்கையோடு இருந்தவர்கள், ஆறு மாதம் கழித்து அதிகம் நடமாடினார்கள். இதயக் கோளாறால் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. நன்றியுணர்வுக்கு அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. நன்றி சொல்வது மனத்துக்கு இதம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நன்றி நேற்றைப் பார்க்கிறது. காலையில் செருப்பை மாட்ட வைப்பது நாளையைப் பற்றிய எதிர்பார்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அப்பாவின் குறிப்பேட்டில் நாங்கள் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்த்தோம்: "நாளை என்னால் முடியும் என்று நினைப்பது." அந்த வரியில் அவர் பெரிதாக எதுவும் எழுதியதில்லை. "தெருமுனை வரை." "பத்து நிமிடம்." வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் இலக்கு, எந்த வேகத்தில் அதை எட்டலாம் என்று தன் மருத்துவரைக் கேட்டுத்தான் அவர் கூட்டிக்கொண்டு போனார்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அவரவர் பலத்தைப் பயன்படுத்துவது என்று ஒன்று உண்டு. என் அப்பா முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒரு ரசீது காணாமல் போனாலும் தூங்க மாட்டார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முழுப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தேன். கட்டம் போட்டார். மாத்திரை, ரத்த அழுத்தம், நடந்த நிமிடம் என்று பேரேடு போலப் பத்திகள். பாருங்கள், வரிசை எவ்வளவு நேராக இருக்கிறது! இந்தப் பக்கங்களில் அவர் நோயாளி இல்லை, கணக்கர். உங்கள் வீட்டில் இருப்பவர் தோட்டம் போடுகிறவராக இருக்கலாம், பேச்சில் கெட்டிக்காரராக இருக்கலாம். எதைச் செய்யும்போது அவர் நிமிர்ந்து உட்காருகிறார் என்று கவனியுங்கள்.

இப்போது 71ஆம் நாள் பக்கம். புகைப்பதை நிறுத்தி எழுபது நாள் ஆகியிருந்தது. அன்று பழைய நண்பர் ஒருவர் இறந்த செய்தி வந்தது, அப்பா ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். சட்டையில் வாசனை தெரிந்தது. என் நாக்கு நுனியில் என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "எழுபது நாள் எப்படி இருந்தீர்கள் அப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மாலை நேரத்தில் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டது உதவியது என்றார். நண்பரைப் பற்றிப் பேசினார், அழுதார். 72ஆம் நாள் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 71 என்றே எழுதினார். ஒரு நாள் தவறியது, எழுபது நாள் எங்கும் போய்விடவில்லை என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம், ஒரு செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். இடைநிலைக் கணக்கு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அந்த ஆய்வில் பார்த்தது உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களை. நிக்கோட்டின் ஏக்கம் அதைவிடக் கடினமானது, அதற்கு மருந்தும் ஆலோசனையும் கிடைக்கின்றன, தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக இரண்டு விஷயம், அவசியமானவை. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது சிகிச்சை தேவைப்படும் நோய். இன்னொன்று, நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், வியர்வை என்றால் மனத்தைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

நேற்று எது நன்றாக இருந்தது என்ற அந்தக் காலைக் கேள்வியை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு நான்கு நாள் பொறுத்திருங்கள். அடுத்த காணொளியில் உப்பைக் குறைத்த கதையைப் பேசுகிறோம். அப்போது கேமராவுக்கு முன் அப்பா உட்காருகிறார். என்னென்ன பேச வேண்டும் என்று இப்போதே கட்டம் போட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.