சிறகி விதைக்கும் கண்மாய்

[காட்சி: ஐப்பசி விடியல். கண்மாய்க் கரையில் ஈரம் காயாத பறவை எச்சம், மிக அருகில்.]

கரையில் நடக்கிறவர்கள் காலில் படாமல் ஒதுங்கிப் போகிற எச்சம் இது. ஒரு மெல்லிய துணியில் எடுத்து, தண்ணீர் விட்டு அலசிப் பார்ப்போம்.

[காட்சி: துணியில் தங்கியவை, பூதக்கண்ணாடிக்குக் கீழே.]

மூன்று பட்டையோடு பழுப்பாக மினுங்குகிறதே, அது கோரை விதை. கடுகைவிடச் சின்ன உருண்டை, மேலே வரிவரியாக மெல்லிய மயிர்: அல்லி. முறுக்குக் கம்பி போலச் சுற்றுவரி ஓடும் கறுப்புத் துளி, காரா என்கிற பாசியின் வித்து. தண்ணீருக்கடியில் பூண்டு வாசத்தோடு சொரசொரப்பாகக் கையில் படுமே, அதே பாசிதான்.

இதை இங்கே போட்டது ஒரு சிறகி, அதாவது காட்டு வாத்து. விதையைத் தின்றது அநேகமாக இந்தக் கண்மாயில் அல்ல.

கோழியின் வயிற்றில் பொடிக்கல் கிடக்கும் அரைவைப்பையைப் பார்த்திருப்பீர்கள். வாத்துக்கும் அதுவே அரைவை. பெரிய விதையும் மெத்தென்ற விதையும் அங்கே மாவாகிவிடும். பொடியாக, ஓடு கெட்டியாக இருப்பவற்றில் சில தப்பும். தப்பியவை பெரும்பாலும் அரை நாளுக்குள் வெளியே வரும், கொஞ்சம் மறுநாளும் வரும். சில விதைகளுக்கு அந்த உரசலில் தோல் தேய்ந்து முளைப்பு எளிதாகிவிடுகிறது.

வாத்து மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கும். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, திருப்பத்தூர் பக்கம் ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். காலையில் ஒன்றில் மேய்ந்தது மாலையில் இன்னொன்றில் விழும். தண்ணீர் மேலிருந்து கீழே மட்டுமே விதை கொண்டுபோகும். பறவையோ கீழ்க் கண்மாயிலிருந்து மேல்க் கண்மாய்க்கும் கொண்டுபோகும்.

காலில் ஒட்டிய சேற்றோடு விதை போகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதுவும் உண்டு. ஆனால் வாத்துகளை ஆராய்ந்தவர்கள், வயிற்றுக்குள் போவது அதைவிட மிக அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். விதை மட்டுமல்ல, 2020-இல் வெளியான ஆய்வொன்றுக்காக ஹங்கேரியில் வாத்துகளுக்குக் கெண்டை மீன் முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு இரண்டு போல உயிரோடு எச்சத்தில் வந்தன, அவற்றில் சில பொரிக்கவும் செய்தன.

[காட்சி: வேட்டங்குடி. கருவேல மரங்களில் கூடுகள்.]

திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. மூன்று கண்மாய், மொத்தம் 38.4 ஹெக்டேர். பறவை மிரளும் என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் மீனும் நத்தையும் தின்பவை. மீன் வயிற்றில் இருந்த விதை அவற்றின் வழியாகவும் போகலாம், ஆனால் முக்கிய விதைப்பாளிகள் அவை அல்ல. விதைப்பது நீலச்சிறகி, சீழ்க்கைச் சிறகி, புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி போன்றவை. இவற்றுக்குத் தேவை மரமல்ல, முழங்கால் அளவுத் தண்ணீர். வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்தை நீட்டினால் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் எட்டும். அதற்குமேல் ஆழமிருந்தால் தரையில் கிடக்கும் விதை அதற்குக் கிடைக்காது.

குளம் வற்றினால் பறவை போய்விடும், அல்லியும் கொட்டியும் மண்ணோடு கிடக்கும். இதை வைத்து உறவுக்கே இலக்கணம் சொன்னவர்கள் நாம். ஆனால் மண்ணோடு கிடக்கிறவற்றில் பாதியைக் கொண்டுவந்து போட்டது அந்தப் பறந்துபோன பறவையாக இருக்கலாம்.

[காட்சி: சித்திரை. வெடித்த கண்மாய்த் தரை. ஒருவர் கரண்டியால் மண் எடுக்கிறார்.]

ஆகவே கண்மாயைச் சீரமைக்க இறங்குகிறவர்கள் ஜேசிபிக்கு முன்னால், உள்ளே என்ன விதை இருக்கிறது என்று மண்ணைக் கேட்க வேண்டும். சார்லஸ் டார்வின் ஒரு சிறு குட்டையின் ஓரத்தில் மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்து ஆறு மாதம் மூடிவைத்தார். காய்ந்தால் 200 கிராம்கூட வராத சேறு அது. முளைத்த செடிகள் 537. முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார்.

நாம் செய்வதும் அதுதான். கண்மாய் காய்ந்திருக்கும்போது கரையோரத்திலிருந்து நடுப்பகுதி வரை பத்து இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மேல் ஐந்து சென்டிமீட்டர் மண் மட்டும், ஒரு டம்ளர் அளவு. ஆழமாகத் தோண்டி எடுத்தால் பழைய வண்டலும் சேர்ந்து முடிவு குழம்பிவிடும். அகலமான தட்டில் கழுவிய மணல் பரப்பி, அதன்மேல் இந்த மண்ணை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இந்தப் பொடி விதைகளில் பல வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தடிமனாகப் போட்டால் அடியில் உள்ளது எழும்பாது, அழுகிய வாடைதான் வரும்.

தட்டுகளில் பாதியை ஈரமாக மட்டும் வையுங்கள். மீதியில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துங்கள். கோரை ஈரத்தில் முளைக்கும், காரா தண்ணீருக்குள் முளைக்கும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். வெறும் மணல் போட்ட தட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதிலும் முளைத்தால் அது காற்றில் வந்த விதை. கண்மாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, மழைத் தண்ணீரோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ ஊற்றுங்கள். கொசுவலை போர்த்துங்கள், பாதி நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் காய்ந்தால் போச்சு. எட்டு வாரம் பொறுத்திருந்து எண்ணுங்கள்.

எச்சம் சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே இனம் கூட்டமாக ஒதுங்கிய இடத்தில், அது பறந்த பின், விடியலிலேயே எடுங்கள். ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போடுங்கள். டீ வடிகட்டியில் பொடி விதை நழுவிவிடும், துணிதான் சரி. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் விளையாட்டல்ல. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

[காட்சி: ஜேசிபி கண்மாய் நடுவில். பக்கத்தில் செங்குத்தான குழி.]

வண்டல் எடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கண்மாய் முழுவதையும் ஒரே கோடையில் வழித்து, மேல் மண்ணை முதல் டிராக்டரிலேயே வயலுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பல வருடத்து விதை அந்த மேல் மண்ணில்தான் இருந்தது. அந்தக் கண்மாய் நிறைந்தாலும் வெறும் தொட்டிதான். இப்படிச் செய்யலாம்: தோண்டும் பகுதியில் மேல் பத்து சென்டிமீட்டரை முதலில் வழித்துத் தனியாகக் குவித்துவையுங்கள். வேலை முடிந்ததும் ஓரப் பகுதியில் அதைத் திருப்பிப் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்கையாவது அந்த வருடம் தொடாமல் விடுங்கள்.

ஓரம் சரிவாக இருக்கட்டும். பத்து மீட்டர் உள்ளே போனால் ஒரு மீட்டர் ஆழம், அதைவிட மெல்லச் சரிந்தால் இன்னும் நல்லது. செங்குத்துக் குழியில் செடிக்கு வெளிச்சமில்லை, சிறகிக்கு மேய்ச்சலில்லை. தண்ணீர் நிறைந்த பின் மாடும் பிள்ளைகளும் ஆழம் தெரியாமல் இறங்கும் ஆபத்தும் அங்கேதான்.

இது கண்மாய்க்குச் சொன்னது. செம்புறாங்கல் படி கட்டிய ஊருணி குடிக்கவென்று வெட்டியது. அதைப் பறவைக் குளமாக்க வேண்டியதில்லை.

[காட்சி: எவர்சில்வர் மூடி, கறுப்பு வெள்ளைக் கால்வட்டங்கள், கயிற்றில் இறங்குகிறது.]

அடுத்தது வெளிச்சம்: தண்ணீருக்குள் அது எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். இருபது சென்டிமீட்டர் அகல மூடி ஒன்றை நான்கு கால்வட்டமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றிப் பூசுங்கள். அடியில் எடை கட்டி, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. நண்பகல் வாக்கில், நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். மூழ்கி வளரும் செடி, தோராயமாக அதைப்போல் இரண்டு மடங்கு ஆழம்வரை பிழைக்கும். முப்பது சென்டிமீட்டரில் மூடி மறைந்தால் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் செடி வராது, எத்தனை விதை கிடந்தாலும்.

நிறத்தையும் பாருங்கள். மழைக்குப் பின் வாரக்கணக்கில் சிவப்பு மாறவில்லை என்றால் கோளாறு வரத்துக்காலில்: மொட்டையான செம்மண், கிராவல் குழி. பச்சை என்றால் கழிவுநீரோ உரமோ வருகிறது. பச்சைக்குக் கண்மாய்க்குள் என்ன செய்தாலும், அந்தக் கழிவு வரும் வழியை அடைக்காமல் தீராது.

ஆழமில்லாத நீர்நிலைக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று, செடி நிறைந்து தெளிந்த தண்ணீர். செடி சேற்றைப் பிடித்துக்கொள்ளும், பச்சைப்பாசியைத் தின்னும் பொடி நீர்ப்பிராணிகள் அதன் இலைகளுக்குள் ஒளிந்து பிழைக்கும். மற்றது, செடியில்லாத கலங்கல். ஒரு நிலையில் விழுந்தால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் கலங்கலை உடைக்க நீரை வடித்து, சேறு கிளறும் கெண்டை வகைகளில் நான்கில் மூன்று பங்கையாவது பிடித்து அகற்றுகிறார்கள்.

[காட்சி: கோடை மீன்பிடி. வெள்ளைத் துண்டு அசைகிறது, ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்குகிறது.]

நம் பக்கம் இதைக் கோடையும் ஊரும் சேர்ந்து செய்கின்றன. கண்மாய் அழிக்கும் நாளில், அதாவது ஊர் கூடி மீன் பிடிக்கும் நாளில், பெரியவர் துண்டை வீசினால், மாலைக்குள் மீன் மிஞ்சாது. பிறகு தரை வெடிக்கிறது, தளர்ந்த சேறு இறுகுகிறது. புது மழையில் தண்ணீர் கிளறப்படாமல் நிற்கும் அந்த ஆரம்ப வாரங்களில்தான் காரா எழும்புகிறது. எங்கள் உறுதியான கருத்து: கண்மாய் காய்வதைக் குறையாக நினைத்துக் கோடையில் ஆழ்துளைக் கிணற்றால் நிரப்பாதீர்கள். குத்தகைக்கு விடும்போது புல்கெண்டையும் சாதாக்கெண்டையும் விட வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். முதலாவது செடியை மேயும், இரண்டாவது சேற்றைக் கிளறும். வருடம் முழுதும் தண்ணீர் நிற்கும் கண்மாயில் மீனை ஒருமுறை அகற்றினால் போதாது. வெப்பநாட்டில் சிறுமீன் சில மாதங்களிலேயே பெருகிவிடும்.

சீமைக் கருவேலை வேரோடு பறியுங்கள், மேலே வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். அதை விதைப்பது வாத்தல்ல, காய் தின்னும் ஆடும் மாடும். அதனால் அடுத்த இரண்டு வருடமும் நாற்றைத் தேடிப் பிடுங்க வேண்டும். நாட்டுக் கருவேலைத் தொடாதீர்கள், கூட்டுக்கு அது வேண்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு மழைக்காலம் பார்த்த பின்னும் தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை, தண்ணீரிலும் ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் விதை கொண்டுவாருங்கள். நர்சரிச் செடி வேண்டாம். அதே கண்மாய்ச் சங்கிலியில் அல்லி பூக்கும் கண்மாய் ஒன்றிலிருந்து, கோடையில், மேல் மண் பத்து வாளி போதும். ஆனால் ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை) ஒருமுறையாவது படர்ந்த கண்மாயாக அது இருக்கக் கூடாது. அதன் விதை சேற்றில் பதினைந்து வருடம்கூட உயிரோடு கிடக்கும். அந்த மண்ணையும் முதலில் தட்டில் போட்டு எட்டு வாரம் பாருங்கள். பிறகு தண்ணீர் முதலில் ஏறும் ஓரத்தில், இரண்டு விரல் தடிமனில் பரப்பி, மேலே எதையும் போட்டு மூடாமல் விடுங்கள்.