குட்டைக்கு ஒரு பதில், பாறைக்கு ஒரு பதில்

அமெரிக்கக் கடல் சூழலியலாளர் ஜேன் லூப்சென்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் வகித்த பதவிகளிலிருந்து தொடங்குவார்கள். நான் நத்தையிலிருந்து தொடங்குகிறேன்.

1970களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் அவர் ஆராய்ந்தது ஒரு சின்னக் கடல்நத்தையை. அலை வடிந்ததும் பாறைகளில் குட்டை தேங்கும் அல்லவா? சில குட்டைகளில் பச்சைப்பாசி மண்டிக் கிடந்தது, சிலவற்றில் தடித்த சிவப்புப்பாசி. காரணம் தெரிய, ஒரு குட்டையின் நத்தைகளைப் பொறுக்கி இன்னொன்றில் விட்டார். நத்தையை எடுத்த இடத்தில் பச்சை அடர்ந்து மற்றதை அமுக்கியது. விட்ட இடத்தில் பச்சை ஒழிந்தது. நத்தை அளவோடு இருந்த குட்டைகளில்தான் பாசி வகைகள் அதிகம்.

சரி, குட்டைக்கு வெளியே, நீர் வடிந்தால் காய்கிற பாறையில்? அங்கே பச்சைப்பாசி ஏற்கெனவே நோஞ்சான். அதையும் நத்தை மேய்வதால், நத்தை கூடக்கூட வகைகள் குறைந்தன. அதே நத்தை, அதே தீனி, விளைவு மட்டும் நேர்மாறு. 1978இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எங்கே, எவ்வளவு என்று கேட்க வேண்டும். மீன்பிடி விதி எழுதுகிறவருக்கும் இதே பழக்கம் வேண்டும் என்பது என் எண்ணம்.

1997இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைவராகப் பேசியபோது, பொதுப்பணத்தில் ஆராய்கிறவர்கள் காலத்தின் அவசரப் பிரச்சினைகளுக்கு உழைக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். ஆராய்ச்சியாளர் அரசியலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு அவர் நிலைப்பாடு இது: அறிவியல் தகவல் தரட்டும், முடிவைத் திணிக்க வேண்டாம்.

சொல்வது சுலபம். 2009இல் நோவா என்கிற அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் தலைவரானார். அடுத்த ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணற்றை மூட 87 நாள் ஆனது. நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் கசிகிறது? முதல் வாரங்களில் அரசு சொன்ன எண் 5,000 பீப்பாய். பின்னால் நிபுணர்கள் கணித்தது, தொடக்கத்தில் சுமார் 62,000. குட்டையில் விடை தெரியப் பருவக்கணக்கில் காத்திருக்கலாம், அரசாங்கத்துக்கோ நாளைக் காலையே எண் வேண்டும். தோராயம்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் தலைப்புச் செய்தியில் அது வராது. இதற்கு ஆய்வகம் யாரையும் பழக்குவதில்லை.

2013இல் ஆரிகனில் தன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியவர், 2021இல் மறுபடி வெள்ளை மாளிகைக்கு வேலைக்குப் போனார். அத்தனைக்கும் பிறகு!