சாவி யார் கையில் இருக்கிறது?

(மதுரையில் ஓர் இளைஞர் ஹிப்ஹாப், ஊடகக் கலைக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும், வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் புதிய நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். ஹிப்ஹாப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். ராப் எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால், பாடுகிறவர்கள் பாடுவதற்காகப் பின்னால் நின்று ஓர் அமைப்பை நடத்துகிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த இரவைத்தான். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கிளைவ் கேம்ப்பெல் அன்றைக்கு இசைத்தட்டு ஓட்டினார். வயது 18. டிஜே கூல் ஹெர்க் என்று நாம் சொல்வது அவரைத்தான். பாட்டின் நடுவில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் அடிக்கும் ஓர் இடம் வரும். ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, இதில் முடிந்ததும் அதில், அதில் முடிந்ததும் இதில் என்று மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடித் துண்டை நிமிடக்கணக்கில் நீட்டினார். நீங்கள் இன்றைக்கு செல்போனில் விரலால் இழுத்துப் போடும் லூப்புக்கு மூலம் அதுதான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாமல் போகிற பாதி ஒன்று இருக்கிறது. அந்த விருந்தை நடத்தியது கிளைவ் இல்லை, அவருடைய தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும். அந்தப் பெண்தான் குடியிருப்பின் பொது அறையை வாடகைக்குப் பேசினாள். சின்ன அட்டைகளில் கையால் எழுதி அழைப்புக் கொடுத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தாள். இசைக்கு அண்ணனைப் பிடித்துப் போட்டாள். இடம், வாடகை, அழைப்பு, கல்லா எல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கையில் இருந்தது. ஹிப்ஹாப்பின் முதல் நிர்வாகி அவள்தான் என்று நான் நினைக்கிறேன். அண்ணன் பெயர் சுவரெல்லாம் எழுதப்பட்டது. தங்கையின் பெயரை நாம் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பிள்ளைகளைச் சேர்த்துக் கலை சொல்லிக்கொடுத்து மேடை ஏற்றுவது மதுரைக்குப் புதிது கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் ஒரு பாலர் நாடக சபையைத் தொடங்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர். பின்னாளில் பெரிய நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளாக அதில்தான் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவனாக நடித்தது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கம்பெனிகள் சோறு போட்டன. பாட்டும் வசனமும் தமிழும் கொடுத்தன. தமிழ் மேடையும் சினிமாவும் அந்தப் பிள்ளைகளால் வளர்ந்தன.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வாத்தியாரின் அடி இருந்தது. என்ன நாடகம், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்று எதிலும் பிள்ளைக்குக் கருத்துக் கேட்டதில்லை. கணக்குப் புத்தகம் எப்போதும் முதலாளி கையில். எவ்வளவோ திறமை இருந்தும் பையனுக்குக் கம்பெனியில் சொல் கிடையாது. அந்தப் பாரம்பரியத்தை நான் கும்பிடுகிறேன். கும்பிட்டுவிட்டு, அதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசிக்கச் சொல்கிறேன்.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1990களின் தொடக்கத்தில் யூத் ரேடியோ என்ற அமைப்பு வந்தது. இப்போது ஒய்.ஆர். மீடியா என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு, செய்தி, இசை எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு பருவம் படித்து முடித்தவர்களே அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 17 வயதுக்காரர் 15 வயதுக்காரருக்கு மைக் பிடிக்கச் சொல்லித்தருவார். மும்பை தாராவியில், நம் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அதே தாராவியில், 2015இல் ஒரு ஹிப்ஹாப் பள்ளி தொடங்கினார்கள். தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட் என்று பெயர். ராப்பும், வாயாலேயே தாளம் போடும் பீட்பாக்ஸும், பிரேக்கிங் நடனமும் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பஸ் ஏறினால் திண்டுக்கல். அங்கே சிஸ்டர் சந்திரா சக்தி கலைக்குழுவை உருவாக்கினார். சாவு வீட்டில் ஆண்கள் அடிக்கும் இழிவான கருவி என்று ஊர் ஒதுக்கி வைத்த பறையை, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம்பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் அடித்தார்கள். நம் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த விருதைப் பற்றிப் பேசும்போது, அவரிடம் பறை கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் நான் நினைத்துப் பார்ப்பேன்.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். போன மாதம் பயிற்சி நடக்கும்போது வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒலிப்பதிவு அறை என்று நீங்கள் சொல்வது பீரோ வைக்கும் இடம்தான். சுவரெல்லாம் பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். செல்லூர்த் தம்பி ஒருவன் வீட்டுப் பக்கத்துத் தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, அதை வெட்டி லூப் ஆக்கி, நிமிடத்துக்கு 90 தட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதன் மேல் அவன் சொன்ன வரி இது:

தறி ஓடும் சத்தத்தில தாலாட்டு கேட்டவன்
வரி வரியா எழுதி வந்து வாசலைத் தட்டுறவன்

எதுகை, மோனை என்று யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை. காது சொல்லிக்கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "தட்டுறவன்னு வேண்டாம்ப்பா, திறப்பவன்னு மாத்து, பாசிட்டிவா இருக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். உங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அவரிடம், "ஐயா, கதவு இன்னும் திறக்கலைன்னு அவன் சொல்றான்" என்றார். தம்பி வரியை மாற்றவில்லை. அக்கா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த அரை நிமிடம் போதும், இந்த அமைப்பு சரியான கையில் இருக்கிறது என்று நம்புவதற்கு.

அதே நாள் இன்னொன்றும் பார்த்தேன். பயிற்சி முடிந்ததும் 14 வயசுத் தங்கச்சி ஒருத்தி புதிதாகச் சேர்ந்த பையனிடம் மைக் கேபிளைச் சுற்றச் சொன்னாள். அவன் முழங்கையில் போட்டு மடமடவென்று சுற்றினான். அவள் பிடுங்கினாள். "அப்படிச் சுத்தினா உள்ள கம்பி முறுக்கிக்கிட்டு அறுந்துபோகும், இங்க பாரு" என்று, ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பி, மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினாள். அப்புறம் நோட்டில் கேபிள் எண்ணை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். தலைமை என்று நான் சொல்ல வந்தது அந்த நோட்டையும் சேர்த்துத்தான்.

இனி கொஞ்சம் சட்டம், கொஞ்சம் காசு. இதைக் கேட்டதும் சிலர் போனை எடுப்பீர்கள், பரவாயில்லை, எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வையுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டு என்ற வரம்பைச் சும்மா சடங்காக நினைக்காதீர்கள். தொடங்கியவரே ஆயுள் முழுக்கத் தலைவராக இருந்து, அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் சாவி எங்கே, பாஸ்வேர்டு எது, பாஸ்புக் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் மூடிப்போன குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

பாட்டு யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை இருக்கும். 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை இன்னும் உறுதிப்படுத்தியது. ஆனால் யூடியூப் சேனல் யார் ஜிமெயிலில் இருக்கிறது? வருமானம் வந்தால் எந்தக் கணக்குக்குப் போகும்? 18 வயது ஆகாத பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. பெற்றோரை உட்காரவைத்து, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு பிள்ளைக்குச் சொந்தம், ஒலிபரப்ப மட்டும் அமைப்புக்கு அனுமதி என்று அதில் இருக்கட்டும்.

நன்கொடை தருகிறவர்கள் நல்லவர்கள். அவர்களில் சிலர் பாட்டுக்குள் தங்கள் பெயர் வர வேண்டும் என்பார்கள். பேனரில் போடுங்கள், ரசீது கொடுங்கள், மேடையில் நன்றி சொல்லுங்கள். பிள்ளையின் வரிக்குள் மட்டும் விடாதீர்கள். ஒரு ஸ்பீக்கர் செட் கிடைக்காமல் போகலாம். போகட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பதும் குற்றம். சொல்லிக்கொடுக்கிறவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், இந்த அமைப்பே அவர் கட்டியதாக இருந்தாலும், "குழுப் பெயர் கெட்டுவிடும்" என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கதவிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் கதவை மூடிக்கொண்டு ஒலிப்பதிவு செய்வது என்ற பழக்கமே இங்கே வேண்டாம். அந்தக் கம்பளி அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் போடுங்கள். சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், வந்தால் என்ன?

தங்கச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சேரும்போது பாதிப் பேர் பெண் பிள்ளைகள் என்றும், ஆறு மாதத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றும் சொன்னார்கள். ஆர்வம் குறைந்துவிட்டதாம். நான் அந்தப் பிள்ளைகள் நாலைந்து பேரிடமே கேட்டேன். பயிற்சி சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்குகிறது. முடிந்து கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்று வீடு போய்ச் சேர ஒன்பதரை. அப்பா வேண்டாம் என்கிறார். ஆர்வமெல்லாம் அப்படியே இருக்கிறது, நேரம்தான் தப்பு. இந்த நேரத்தை முடிவு செய்த கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை என்று அவளே சொல்லியிருப்பாள். அமைப்பில் யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பது இந்த அளவுக்குச் சின்ன விஷயத்தில் தெரிந்துவிடுகிறது. சின்ன விஷயம் என்கிறேன், ஆனால் அதில் எத்தனை குரல் நின்றுபோகிறது பாருங்கள்.

மூத்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷனில் போய் மைக் செட்டுக்கு அனுமதி வாங்க, மாநகராட்சியில் இடம் கேட்க, ஆடிட்டரிடம் உட்கார, பையனை அடித்துப் பள்ளியிலிருந்து நிறுத்தப் பார்க்கும் அப்பாவிடம் பொறுமையாகப் பேச, உங்கள் நரைத்த தலைதான் வேண்டும். ஆனால் போகும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனு எழுதுவது, முத்திரை வாங்குவது, நாளை வா என்றால் நாளை மறுபடி போய் நிற்பது, எல்லாம் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

இப்போது தேர்தல். நான் உங்கள் உறுப்பினர் இல்லை, ஓட்டும் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கேயே கற்றுக்கொண்டு 18 முடித்தவர்கள் ஜமக்காளத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குழுவுக்கு முன்மொழியுங்கள். பொருளாளர் பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள், காசோலையில் இரண்டாவது கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். 18 ஆகாத பிள்ளைகளுக்கு ஓட்டுக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், கூட்டத்தில் உட்காரவும் பேசவும் உரிமை கொடுத்து அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பயிற்சி நேரத்தை மாற்றும் தீர்மானத்தை இன்றைக்கே எடுங்கள். அதை அந்தத் தங்கச்சிகளில் ஒருத்தி எழுந்து வாசிக்கட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன். மைக் இங்கே இருக்கிறது, வாம்மா.