மேசைவரை வந்து சேரும் கட்டிகள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கு ஒருமுறையாவது நெஞ்சுவலிக்காரர் ஒருவரை அழைத்துப் போகாத குடும்பம் இந்த அரங்கில் குறைவாகவே இருக்கும். ஆகவே வால்வு, பைபாஸ் என்ற சொற்களை நான் விளக்க வேண்டியதில்லை. இதயத்திலேயே முளைக்கும் கட்டியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

இதயத் தசை அணுக்கள் பிறந்த பின் அரிதாகவே பிளந்து பெருகுகின்றன. அங்கே கட்டி அபூர்வமாக இருப்பதற்கு இதையே ஒரு காரணமாகச் சொல்வார்கள். பிணப்பரிசோதனைப் பதிவுகளைத் தொகுத்தவர்கள், ஏறத்தாழ 5,000 உடல்களில் ஒன்றில் இத்தகைய கட்டி இருந்ததாகக் கணக்கிட்டார்கள். நுரையீரல், மார்பகம் முதலிய இடங்களிலிருந்து இதயத்துக்குப் பரவிய புற்று அதைப்போல் 20 மடங்குக்குக் குறையாது. அறுவை அரங்கிலோ இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே எடுக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை இதயத்திலேயே பிறந்தவை. அவற்றிலும் பத்துக்கு எட்டு ஒன்பது சாதுவானவை, அதாவது புற்று அல்லாதவை. ஏனெனில் பரவி வந்த புற்றுக்காக நெஞ்சைத் திறப்பதால் பெரும்பாலும் பயனில்லை. வலது மேலறையில் வளரும் ஆஞ்சியோசார்கோமா என்ற புற்று கண்ணில் படும்போதே பல வேளை நுரையீரலுக்குப் போயிருக்கும். கைக்குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோமா என்ற சாதுவான தசைக்கட்டி பல நேரம் தானாகவே சுருங்கிவிடும். மருத்துவமனைப் புள்ளிவிவரம் எதைப் படித்தாலும், யாரை எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அறுவை மேசைக்கு மிகுதியாக வருவது மிக்ஸோமா என்ற சாதுவான, கொழகொழப்பான கட்டி. நான்கில் மூன்று இடது மேலறையில் இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ரப்பர் பால் வெட்டப் போகும் 28 வயதுப் பெண் ஒருவர் காய்ச்சல், மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று வந்தார். நம் பக்கத்தில் இம்மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் வாதக்காய்ச்சலும் அதனால் சுருங்கிய வால்வும்தான் நினைவுக்கு வரும். அப்படியே சீட்டில் எழுதியவன் நான்தான். நெஞ்சில் கேட்ட ஓசை அவர் படுக்கும் விதத்துக்கேற்ப மாறியதைப் பிற்பாடுதான் கவனித்தேன். எக்கோ என்ற ஒலியலைப் படத்தில், மேலறைகளின் நடுச்சுவரில் காம்பு ஊன்றிய கட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வுக்குள் கிணற்று வாளிபோல இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

அறுவையின்போது அருகில் நின்றேன். பெருந்தமனியைக் கிளாம்ப் என்ற இடுக்கியால் அடைக்கும்வரை இதயத்தை யாரும் அழுத்தித் தொடவில்லை. ஒரு துணுக்கு உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். காம்பை, அது ஊன்றிய சுவர்ப்பகுதியோடு சேர்த்து வெட்டித் தட்டில் வைத்தார் சர்ஜன். தோண்டியெடுத்த நொங்குபோல் தளதளத்தது, இடையிடையே ரத்தக் கறுப்பு. 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு மிக்ஸோமாவை முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்தார். அதற்கு முன், கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தாலும் செய்வதற்கு அதிகமில்லை.

வால்வில் ஒட்டி வளரும் பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமாவும் உண்டு. தண்ணீரில் இட்டால், பாறையில் ஒட்டிய கடற்சாமந்தி போல விரல்களை விரிக்கும். முன்பு பெரும்பாலும் பிணப்பரிசோதனையில் தென்பட்டது, எக்கோ பரவிய பின் உயிரோடிருப்பவரிடமே அகப்படுகிறது. நோய் கூடவில்லை, கண்தான் கூர்மையாயிற்று.

மிக்ஸோமா சில குடும்பங்களில் வழிவழியாக வரும். இளவயதில் வந்தாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும், உடன்பிறந்தவர்களையும் பார்த்துவிடுவது நல்லது. அந்தப் பெண்ணின் தம்பிக்கும் தங்கைக்கும் எக்கோ எடுத்தோம், இருவருக்கும் ஒன்றுமில்லை.