விரலுக்கேற்ற வீக்கம்

(யோகா தினத்தன்று எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, விடியுமுன்பே வந்து ஜமுக்காளம் விரித்த நூலகர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, சுக்குக் காப்பி உபயம் செய்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு பாய் கொடுத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

2015 முதல் ஜூன் 21 வந்தால் ஊரே குனிகிறது, நிமிர்கிறது. மறுவாரமே பாய் பரணுக்குப் போய்விடுகிறது. சோம்பல் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாருக்கோ தைத்த சட்டையை மாட்டிக்கொண்டால் எத்தனை நாள் போடுவோம்? விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். எந்த முறை யாருக்கு, நல்ல ஆசிரியரை எப்படி அறிவது, மூச்சு.

1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகம் கற்றுக்கொடுத்தவர் கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே இருந்து, மூச்சோடு மூச்சாக அடுத்தடுத்த ஆசனத்துக்குப் போகும் அஷ்டாங்க வின்யாச முறையைப் பரப்பினார். வியர்வை கொட்டும். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடிபட்டவர் பி.கே.எஸ். ஐயங்கார். அவர் புணேயில் ஒரே ஆசனத்தில் நின்று நிதானமாகச் செய்ய வைத்தார். மரக்கட்டை, பெல்ட், சுவர்க்கயிறு, மடக்கு நாற்காலி எல்லாம் துணைக்கு வந்தன. குருவோ சென்னைக்கு வந்தபின் வயதையும் நோயையும் பார்த்து ஆளுக்கொரு பயிற்சி வகுத்தார். அந்த வழியில்தான் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஒரே வீட்டுச் சரக்கு, மூன்று விதம்!

கிருஷ்ணமாச்சாரியாருக்கு ஐயங்கார் மனைவியின் தம்பி. எனக்கும் மனைவியின் தம்பி ஒருவர் இருக்கிறார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார், முட்டிவலி உண்டு, தொப்பை கேட்கவே வேண்டாம். செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வேகமாகச் செய்யும் வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். சூரிய நமஸ்காரம் நாலாவது சுற்றில் இவர் குனிந்தவர் குனிந்தபடியே நிற்கிறார். மாஸ்டர் கையைத் தட்டி, “சார், விடாதீங்க!” என்கிறார். இவரும் விடவில்லை. முட்டிதான் விட்டுவிட்டது. ஆட்டோவில் வந்து இறங்கியவரை வாசலிலேயே நிறுத்தி என் மனைவி கேட்டாள்: “விரலுக்கேத்த வீக்கம் வேணாமாடா?”

அப்புறம் ஒரு அம்மாவிடம் போனார். அந்த அம்மா முதல் நாள் ஆசனமே சொல்லித்தரவில்லை. பிரஷர் உண்டா, ராத்திரி தூக்கம் எப்படி, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கம்பளியை மடித்துத் தலைக்குக் கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, கெண்டைக்காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை! பக்கத்தில் இருந்தவர் எழுப்பப் போனால், “விடுங்க, இத்தனை வருஷம் கண் முழிச்ச மனுஷன்” என்று தடுத்துவிட்டார். இப்போது இவர் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கண்டால் காலைத் தூக்கி வைக்கிறார். அக்காள்தான் அதட்டி இறக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் மேடையில் இருக்கும் தைரியத்தில் ஒன்று சொல்கிறேன். ரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிரசாசனம் பக்கம் போகவேண்டாம்.

சரி, நாற்காலிக்கு வருவோம். நம் சமுதாயக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன, நல்ல சுவரும் வழுக்காத தரையும் இருக்கின்றன. முகூர்த்த நாள் போக மற்ற நாளெல்லாம் பூட்டு. முட்டிவலிக்காரர் பூங்கா மண்ணில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டும். நடைபாதையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று பெண்கள் குனியவே கூச்சப்படுகிறார்கள். பொருந்துகிற முறையைத் தேடு என்று நான் சொல்லிவிடலாம், எங்கே போய்த் தேடுவார்கள்? காலை ஐந்தரை முதல் ஏழு வரை கூடத்தைத் திறந்து வையுங்கள். பாய் நாங்களே கொண்டுவருகிறோம், பெருக்கியும் கொடுக்கிறோம். விரலுக்கேற்ற வீக்கம்தான் தலைவரே, கட்டடம் கட்டித்தரச் சொல்லவில்லை, சாவிதான் கேட்கிறோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூடம் திறக்கும் அன்று அங்கேயே வந்து பேசுகிறேன். மனு நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், பேனா இதோ. வணக்கம்.