வாய்க்காலுக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

(வேலூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். வரும் வழியில் பாலாற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளம் போனபோது பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்து காட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? சரி, பாட்டி சொன்ன கதையையும் பாட்டையும் பிள்ளைகளுக்குப் படப்புத்தகமாக்குவது எப்படி என்றுதான் இன்று பேச வந்தேன். முதலில் கொழுக்கட்டைக்கு வருகிறேன்.

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை கதை உங்களுக்குத் தெரியும். பேர் மறந்துவிடப் போகிறதே என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். குறுக்கே ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான். அவ்வளவுதான், அப்புறம் வாயில் அத்திரிபாச்சாதான்.

என் பாட்டி வாய்க்கால் வந்ததும் நிறுத்திவிடுவாள். வெற்றிலையை மடிப்பாள். நாங்கள் 'உம்' கொட்டினால்தான் அவன் தாண்டுவான். படப்புத்தகத்தில் இந்த நிறுத்தத்தை எங்கே வைப்பது? பக்கம் புரட்டுகிற இடத்தில்தான். வலப்பக்கத்தில் கரையோரம் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கட்டும். புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே பறக்கட்டும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32 பக்கம். அச்சகத்துக்காரருக்கு அது காகிதக் கணக்கு. கதை சொல்கிறவருக்கோ எங்கெங்கே மூச்சு வாங்கலாம் என்கிற கணக்கு. நான் வாங்கிய ஒரு புத்தகத்தில் வாய்க்கால், தாண்டல், வீடு மூன்றையும் ஒரே பக்கத்தில் நெருக்கி வரைந்திருந்தார்கள். கொழுக்கட்டை வேறு பார்க்க மோமோ மாதிரி இருந்தது!

வீட்டுக்குப் போய் 'அத்திரிபாச்சா செய்' என்கிறான், பெண்டாட்டிக்குப் புரியவில்லை. கடைசியில் அவளை அடிக்கிறான், அவள் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்குகிறது, அப்போதுதான் பேர் ஞாபகம் வருகிறது. பாட்டி அப்படித்தான் சொன்னாள். நான் சொல்லும்போது அவனே நிலைப்படியில் முட்டிக்கொள்கிறான், அவன் நெற்றிதான் வீங்குகிறது. கதையைக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். எந்தப் பாட்டி ஒரே கதையை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லியிருக்கிறாள்?

ஆனால் பாத்திரங்களின் பேச்சுவழக்கை மாற்றாதீர்கள். நம் பக்கத்துப் பாட்டி 'என்ன செய்கிறான்', 'எங்கே இருக்கிறான்' என்றா கேட்பாள்? 'இன்னா பண்றான்', 'எங்க கீறான்' என்பாள். கதை நடப்பைச் சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பரவாயில்லை. பாத்திரம் வாயைத் திறந்தால் வட ஆர்க்காடு கேட்க வேண்டும்.

பாட்டுகள் கதையைவிடக் கஷ்டம். 'நண்டூருது நரியூருது' என்பதைப் படிக்கிற பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். அது கையில் நடக்கிற விளையாட்டு. குழந்தையின் உள்ளங்கையில் நம் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைய வேண்டும். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு வைக்க வேண்டும். அப்புறம் இரண்டு விரல் மெல்ல ஊர்ந்து மணிக்கட்டு, முழங்கை தாண்டி அக்குளுக்குப் போகும். குழந்தை சிரிக்கத் தொடங்குவது அக்குளில் இல்லை. முழங்கையைத் தாண்டும்போதே தொடங்கிவிடும்.

இதைப் பளபளவென்று அச்சிட்ட ஒரு புத்தகத்தைப் பேத்திக்கு வாங்கிப் போனேன். ஒரு பக்கம் கடற்கரையில் சிவப்பு நண்டு, எதிர்ப்பக்கம் காட்டில் நரி. வண்ணம் நன்றாகத்தான் இருந்தது. முதல் வரியைப் படித்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, புத்தகத்தின் மேலேயே உள்ளங்கையை விரித்து வைத்தாள்.