தேங்காய் உடைக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா காலமாகி ஓராண்டு கழிந்து வந்த திருக்கார்த்திகை. அம்மா விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவிக் கோலமிட்டாள். விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கினாள். திரி திரித்தாள். எங்கள் நெல்லைப் பக்க வழக்கப்படி பனை ஓலைக்குள் மாவை வைத்துக் கட்டி ஓலைக் கொழுக்கட்டை அவித்தாள். எல்லாவற்றையும் சாமி அறையில் வைத்தபின் தேங்காய் மட்டும் மிச்சம் இருந்தது. சாமிக்கு உடைக்கும் தேங்காய்க்கு ஆண் கைதான் வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஜன்னலோரம் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஓடிவந்தான். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தான். அரிவாளின் பின்பக்கத்தால் நாலு தட்டுத் தட்டிக் கோணலாக உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஐம்பது வருடமாகச் சமையலறையில் தேங்காய் உடைத்த அம்மா, அந்த நேரம் முழுவதும் சுவரோரம் ஒதுங்கிக் கை கூப்பி நின்றாள்.

அந்தப் பையனின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவின் மேலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்த வீட்டின் பக்தியை யார் சுமக்கிறார்கள், அதன் உரிமை யாரிடம் இருக்கிறது?

நம் வீடுகளில் சமயம் என்பது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. வெள்ளிக்கிழமை விளக்கு, ஆடிக் கூழ், நவராத்திரிக் கொலு, பொங்கல் பானை, குழந்தைக்கு முடியிறக்கும் நேர்த்திக்கடன் என எல்லாவற்றையும் தேதி தவறாமல் நினைவில் வைத்திருப்பவள் அவள். விரதம் இருப்பவளும் அவள்தான். காரடையான் நோன்பில் கணவனின் ஆயுளுக்காக மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறாள். அவளுடைய ஆயுளுக்காக ஒருவேளைச் சோற்றை விடுகிற நோன்பு எதையும் நம் பஞ்சாங்கம் கணவனுக்கு வைக்கவில்லை. அந்தக் கணவன் இறந்துவிட்டால், விரதமிருந்த அதே பெண் கல்யாண வீட்டில் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும்.

என் ஆச்சி அப்படித்தான் நின்றாள். என் அத்தையின் கல்யாணத்தில் முறுக்கு சுற்றியது முதல் மாவிலைத் தோரணம் வரை அவள் கைவேலை. தாலி கட்டும் நேரத்தில் அவள் அடுக்களை வாசற்படியைத் தாண்டி வரவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் கொடுமை.

அதே ஆச்சியை வேறொரு கோலத்திலும் பார்த்திருக்கிறேன். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் சொல்வார்கள். ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்பது அதற்கான சொலவடை. அந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்கள் உறங்கியபின், தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் அனுமதி இல்லை. பச்சரிசி மாவை உப்பில்லாமல் பிசைந்து, விதவிதமான வடிவங்களில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். என்ன வடிவம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நானும் சொல்லப்போவதில்லை. ஒரு மூத்த பெண் ஔவையாரின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்க வேண்டும். கொழுக்கட்டையை ஆண்கள் கண்ணில் படாமல் விடிவதற்குள் தின்று தீர்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் கதை சொன்னவள் ஆச்சி. விளக்கை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். கை முழுக்க மாவு. கதையின் நடுவே நிறுத்தி, “ஏட்டி, உறங்குறியா?” என்று என் தொடையில் தட்டுவாள். மாவுக் கைத்தடம் பாவாடையில் பதியும். அந்த இரவில் ஐயர் கிடையாது, பூசாரி கிடையாது, தேங்காய் உடைக்க ஆளைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. கல்யாணத்தில் வாசற்படி தாண்டாதவள் அங்கே நடுவீட்டில் இருந்தாள். அந்த நோன்பிலும் கன்னிப்பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளையும் மனைவிக்குக் குடும்ப நலமும்தான் வேண்டப்படுகின்றன. அதை மறைத்து அந்த நோன்பைப் புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இறைவனோடு பேசுவதற்கு இடையில் ஒருவர் தேவையில்லை என்பதை எந்த நூலும் படிக்காத அந்தப் பெண்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். பெண்ணியம் என்றால் சாமி படத்தைக் கழற்றுவது என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த இரவைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்தி மரபும் இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறது. நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவர். அவர்களில் காரைக்கால் அம்மையார், கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியபோது, அவனுக்காகச் சுமந்த அழகும் தசையும் இனி வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றதாகச் சேக்கிழார் பாடுகிறார். சிவன் அவரை ‘அம்மையே’ என்று அழைத்தார். கோயில் பிராகாரத்தில் மற்ற நாயன்மார்கள் நின்றிருக்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பதைக் காணலாம். எனக்கு அதில் பெருமையும் உண்டு, துயரமும் உண்டு. ஒரு பெண் பக்தையாக மட்டும் வாழ்வதற்கு முதலில் தன் உடலைத் துறக்க வேண்டியிருந்ததே!

ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவைதான் ஒலிக்கிறது. பெருமாளைத் துயிலெழுப்புவது ஒரு பெண்ணின் சொல். ஆனால் அந்தச் சொல் ஒலிக்கும் கருவறையில் நின்று பூசை செய்யும் உரிமை பெண்ணுக்கு இல்லை.

காரணம் கேட்டால் மாதவிடாயைச் சொல்வார்கள். சபரிமலை வழக்கைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த மலைக்குப் போகிற பக்தர்கள் ரயிலிலிருந்து இறங்கும் செங்கன்னூரில், பகவதிக்கு மாதவிடாய் வந்ததாகக் கண்டால் நடை அடைத்து, பின்னர் தேவியை ஆற்றில் நீராட்டும் ஆறாட்டு விழா எடுக்கிறார்கள். தேவிக்கு வருவது விழாவாக இருக்கிறது. அதுவே வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் ‘தூரம்’. கோயில் கொடை விழாவும் மாதவிடாய்த் தேதியும் ஒன்றாக வந்துவிடுமோ என்று பயந்து, தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமலே வாங்கி விழுங்குகிற பெண்களை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் உடலை வருத்தித்தான் அம்மன் வரம் தருவாள் என்று நான் நம்பவில்லை.

மாற்றங்கள் வந்திருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு துர்க்கை அம்மன் கோயிலில், தந்தைக்குப் பின் மகள் பூசை செய்வதை ஊர் எதிர்த்தபோது, 2008-இல் நீதிபதி சந்துரு அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தார். 2023-இல் ஈரோடு மாவட்ட வழக்கு ஒன்றில், கணவனை இழந்த பெண்ணைக் கோயிலுக்குள் வராமல் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணவர் அதே கோயிலில் பூசாரியாக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் மூன்று பெண்கள் திருவரங்கத்தில் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள்.

நீதிமன்றம் கோயில் கதவைத் திறக்கலாம். வீட்டுச் சாமி அறைக்குத் தீர்ப்பு வராது. அங்கே அம்மாவும் மாமியாரும் மகளும்தான் பேசிக்கொள்ள வேண்டும். தாம்பூலத் தட்டை நீட்டும்போது, கணவனை இழந்த சித்தியைத் தாண்டிப் போகாமல் அவர்முன் நின்று குங்குமச் சிமிழைத் திறக்கிற ஒருத்தி வேண்டும்.

சென்ற ஆண்டுக் கார்த்திகையன்று பையனுக்குப் பள்ளியில் ஏதோ போட்டி. இருட்டத் தொடங்கியும் வரவில்லை. அம்மா இரண்டு முறை ஜன்னலுக்குப் போய் வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் முறை போகவில்லை. அரிவாளை எடுத்தாள். ஒரு கணம் அப்பாவின் படத்தைப் பார்த்தாள். தேங்காயின் கண் மேலே பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு ஒரே தட்டு. கோடு கிழித்தாற்போல இரண்டு மூடி. தேங்காய்த் தண்ணீரைக் கீழே சிந்தாமல் டம்ளரில் பிடித்து, மூடிகளைத் தட்டில் வைத்துக் குங்குமம் இட்டாள்.

எட்டு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்த பையனிடம், “உடைச்சாச்சு ராசா, இந்தா” என்று ஒரு கீற்றைக் கையில் கொடுத்தாள்.